தைக்காமல் மூடிய கிழிசல்

கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே கிடக்கும் கோட்டைக்கழி என்ற ஊரில், பதினோரு வீடும் ஒரு ஜெபப் பள்ளியுமாக இருந்த யூதத் தெருவில், நப்தலியின் மனைவி சிப்போராள் தன் ஒன்பது வயது மகள் யெமீமாவை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்த இரண்டாம் நாள் காலை, அவள் மார்பில் கிழித்திருந்த துணி தானாக மூடிக்கொண்டிருந்தது. கிழிசலைச் சேர்த்துக் குத்தியிருந்த ஊக்கு பாயில் விழுந்து கிடந்தது. துணியில் தையல் இல்லை, ஒட்டு இல்லை, இழையில் ஒரு நெளிவுகூட இல்லை, அன்றைக்குத்தான் தறியிலிருந்து அறுத்து எடுத்ததைப் போல இருந்தது. துக்கத்துக்கு வந்திருந்த பெண்கள் குனிந்து பார்த்தார்கள், தடவிப் பார்த்தார்கள், நல்ல துணி என்றார்கள், உலையில் அரிசி போட்டது நினைவுக்கு வர அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

அந்தத் தெருவின் வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். வீட்டில் சாவு விழுந்தால் நெருங்கிய உறவுகள் எழுந்து நின்று உடுத்தியிருக்கும் துணியைக் கிழிக்க வேண்டும். அங்கே ரபி என்று யாரும் கிடையாது, ஜெபம் நடத்தும் ஹஸான்தான் எல்லாவற்றுக்கும். அவர் கத்தியால் ஒரு நறுக்குப் போட்டுக் கொடுப்பார், மீதியை உரியவர் நாலு விரல் நீளத்துக்குத் தானே இழுத்துக் கிழிக்க வேண்டும். கிழிக்கும்போது, மெய்யான நியாயாதிபதியே, நீர் வாழ்த்தப்படுவீராக என்று சொல்ல வேண்டும். நல்லது வந்தால் வாழ்த்துகிற அதே வாயால் கெட்டது வந்தாலும் வாழ்த்த வேண்டும் என்பது அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. தாய் தகப்பனுக்காகக் கிழித்ததைச் சாகும்வரை சரியாகத் தைக்கக்கூடாது. பிள்ளைக்காகக் கிழித்ததையோ முப்பது நாள் கழித்துத் தைத்துக்கொள்ளலாம். பெற்றவருக்குக் கிழித்தது ஆயுசுக்கும் நிற்க, பெற்றதற்குக் கிழித்தது ஒரு மாதத்தில் முடிந்துபோகும் என்று கணக்குப் போட்டவர் யாராக இருந்தாலும் அவர் பிள்ளையைப் பறிகொடுத்தவர் இல்லை என்று சிப்போராள் அந்தத் தரையில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டாள்.

அவள் போட்டிருந்தது குப்பாயம் என்று அவர்கள் சொல்லும் முழுக்கைச் சட்டை. மூடியதைக் கண்டதும் அவள் யாரையும் கேட்கவில்லை. கத்தியை வாங்கி அதே இடத்தில் மறுபடி நறுக்கி, மறுபடி நாலு விரல் கிழித்து, ஊக்கைக் குத்திக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் விடிந்தபோது ஊக்கு பாயில் கிடந்தது. நான்காம் நாளும் அப்படியே, ஐந்தாம் நாளும் அப்படியே. ஏழு நாள் முடிந்து, எழுந்து தெருவை ஒருமுறை சுற்றி வர வேண்டிய காலையிலும் அவள் நின்று கிழித்துவிட்டுத்தான் வாசற்படி இறங்கினாள். பக்கத்தில் நடந்துவந்த நப்தலியின் சட்டையிலோ அவன் கிழித்த கிழிசல் முதல்நாள் கிழித்தபடியே வாய்பிளந்து தொங்கியது.

மூன்று நாள் காய்ச்சலில் போன பிள்ளை அது. மருந்து கொடுத்தார்கள், கஞ்சி கொடுத்தார்கள், சாவுத் தூதன் ஆளை மாற்றிப் புரிந்துகொண்டு திரும்பிப் போகட்டும் என்று வழக்கப்படி பெயரைக்கூட மாற்றிப் பார்த்தார்கள். ஒரு மாலையும் ஒரு காலையும் அவள், உயிருள்ளவள் என்று அர்த்தப்படும் ஹாயா என்ற பெயரோடு இருந்தாள். அந்தப் பெயரில் கூப்பிட்டபோது, அது யாரும்மா என்று ஒருமுறை கேட்டாள். அவள் கடைசியாகப் பேசியது அதுதான். சிப்போராளுக்கு இப்போது உலகத்தில் வேண்டியிருந்தது அதிகமில்லை. தன் நெஞ்சுக்கு நேரே அந்த நாலு விரல் கிழிசல் திறந்தபடி இருக்க வேண்டும், பார்க்கிறவர்களுக்கு இவள் யெமீமாவை இழந்தவள் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதுகூடக் கிடைக்கவில்லை.

எட்டாம் நாள் அவள் குப்பாயத்தை அவிழ்த்து, காலையில் கிழித்த கிழிசலோடு மடித்துப் பெட்டிமேல் வைத்தாள். அடியில் பக்கத்து வீட்டு அவிகாயிலின் தலையணை உறை ஒன்று, எலி கடித்தது, தவறிப்போய்க் கிடந்திருக்கிறது. மறுநாள் உறையை எடுக்க வந்த அவிகாயில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடித்த இடம் தெரியவில்லை. சிப்போராளிடம் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போய் ஒரு போர்வையோடு திரும்பி வந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை ஊர் வெகு சாதாரணமாக ஏற்றுக்கொண்டது. முதலில் யூதத் தெருவின் கிழிந்த துணியெல்லாம் வந்தது, பள்ளியின் திரைச்சீலை வந்தது, பிறகு மரைக்காயர் தெருவிலிருந்து குடைகள் வந்தன, தர்காவின் பச்சைக் கொடி வந்தது, பள்ளிக்கூடத்துப் பூகோளப் படம் இமயமலை இருந்த இடத்தில் ஓட்டையோடு வந்தது, கடைசியில் கடற்கரைத் தெருக்காரர்கள் வலையும் படகுப் பாயும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முழு வலையை யார் வீட்டுக்குள் கொண்டுவருவது, அதன் ஒரு முனையைக் கிழிந்த குப்பாயத்துக்கு அடியில் செருகினால் போதும் என்று இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். வெளியே குவியலாகக் கிடக்கும் வலை விடியும்போது கண்ணுக்குக் கண் கூடியிருக்கும். ஒரு விஷயம்தான் முக்கியம்: குப்பாயம் அன்றன்று கிழிக்கப்பட்டிருக்க வேண்டும். அதைப் பற்றி யாருக்கும் கவலை இருக்கவில்லை. சிப்போராள்தான் கிழிசல் வேண்டுமென்று காலைதோறும் கிழித்துக்கொண்டிருந்தாளே. அவள் கிழிக்கக் கிழிக்க ஊர் சேர்ந்துகொண்டே போயிற்று.

ஹஸான் ஓவதியா வலையையும் பார்த்தார், குடையையும் பார்த்தார், ஓய்வுநாளில் பள்ளியில் எழுந்து நின்று பேசினார். ஒல்லியான மனிதர், குரல் மட்டும் கனம். யெமீமா போயிராவிட்டால் துணி கிழிந்திருக்காது என்றார். துணி கிழிந்திராவிட்டால் அது கூடியிருக்காது, அது கூடாவிட்டால் கடற்கரைத் தெருவில் நூறு வீடு பழைய வலையோடு பட்டினி கிடந்திருக்கும் என்றார். நமக்குக் கண்ணுக்குத் தெரியாமலே எல்லாவற்றையும் நடத்துகிறவர், இந்த ஒருமுறை நம்மேல் இரக்கப்பட்டு நடத்துகிற விதத்தைக் காட்டியிருக்கிறார் என்றார். ஆண்கள் தலையசைத்தார்கள். மேலே பெண்கள் மாடத்தில் எல்லோரும் திரும்பிச் சிப்போராளைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் பொறாமை இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆனால் இருந்தது.

அந்த ஆவணி முழுக்க யூதத் தெருவில் காரணம் கண்டுபிடிக்கும் வேலை மும்முரமாக நடந்தது. அரிசி ஆலையின் பட்டையில் ஒரு காலைக் கொடுத்த கமாலியேல், இருபத்திரண்டு வருடமாக அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர், கால் இருந்திருந்தால் அந்த வருடம் கொழும்புத் தோணியில் ஏறியிருப்பேன் என்றும் அந்தத் தோணி கரை சேரவில்லை என்றும் தெருவில் போகிறவர்களை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாப்பிள்ளை ஓடிப்போன அவிகாயில், அவனுக்குப் பின்னாளில் க்ஷயரோகம் வந்ததைக் கடிதம் போட்டு விசாரித்துத் தெரிந்துகொண்டு, முகமெல்லாம் மலர்ச்சியாகப் பள்ளிக்கு வந்தாள். காரணம் கிடைக்காதவர்கள் கிடைத்தவர்களிடம் யோசனை கேட்டார்கள். ஒரு வீட்டுக் கூரை சரிந்ததற்குக் காரணம் தேடி நாலு பேர் ஒரு மதியம் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள், கடைசியில் ஓட்டுக்கடியில் ஒரு பாம்புச் சட்டை அகப்பட்டது, நிம்மதியாக எழுந்து போனார்கள். ஹஸான் ஓவதியா இரண்டு மனைவியைப் புதைத்தவர். அவருக்கு இரண்டு காரணம் தேவைப்பட்டது, ஒன்று ஏறக்குறையக் கிடைத்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன் வலி வீண் இல்லை என்று ஒரு மனிதன் நம்பிக்கொண்டால் அவனுக்குச் சோறு இறங்கும், தூக்கம் வரும். ஆனால் அத்தனை பேருடைய நம்பிக்கையும் ஒரு சின்னப் பெண்ணின் குழிமேல் நின்றது. பிள்ளையைப் பெற்றவளிடம் வந்து, உன் மகள் புண்ணியம் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். கடற்கரைத் தெருவில் புதுப் பாய் கட்டிய ஒரு வள்ளத்துக்கு யெமீமா என்று பெயர் எழுதி, சிப்போராளைக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். நீல எழுத்து, சுற்றிலும் பூ. அவள் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றாள். வீட்டுக்கு வந்து பின்கட்டில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

நப்தலி படகு இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவன், பேச்சுக் குறைவு. ஒருநாள் தன் கிழிந்த சட்டையைக் கழற்றி, வெட்கப்பட்டுக்கொண்டே குப்பாயத்துக்கு அடியில் வைத்தான். ஊரார் துணியெல்லாம் கூடிய அந்தக் காலையில் அவன் சட்டை மட்டும் கிழிந்தபடியே இருந்தது. மறுநாளும் வைத்துப் பார்த்தான், அப்படியே இருந்தது. அவன் அதை எடுத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். அவளுக்குக் கணவன்மேல் முதல்முறையாக ஆத்திரம் வந்தது. மூட வேண்டும் என்று நினைக்கிறவனுக்குத் திறந்திருக்கிறது, திறந்திருக்க வேண்டும் என்று கிடக்கிறவளுக்கு மூடுகிறது, இது என்ன பங்கீடு என்று அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள்.

முப்பதாம் நாள் ஹஸான் அவள் வீட்டுக்கு வந்தார். வியாழக்கிழமை வேதம் வாசிக்கும் நாள், அன்று காலை பள்ளிக்குப் புதுத்துணி உடுத்தி வா, எல்லோர் முன்பும் ஒருமுறை முழுமனதோடு வாழ்த்துச் சொல், பரலோகமே உன் துணியைக் கூட்டிவிட்டது, இனி நீ துக்கம் காப்பது அவருக்கு எதிராகப் பேசுவது போல ஆகும் என்று மெதுவாகத்தான் சொன்னார்.

"சிப்போரா, ஒரு நூல்கூட அவர் பாக்காம அறாதுன்னு இத்தன நாளா படிச்சோம். இப்பக் கண்ணால பாத்துட்டோம்லா?"

"பாத்துக்கிட்டேதான் இருந்தாரா, ஹஸான்?"

"பாத்துக்கிட்டேதான் இருந்தார்."

"அவருக்குத் தெரியாம நடந்திருந்தா நான் மன்னிச்சிருப்பேன்" என்றாள் சிப்போராள்.

ஓவதியா தாடியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் அவள், யாரிடமும் சொல்லாமல் முப்பது நாள் வைத்திருந்ததைச் சொன்னாள். குழிக்கரையில் அவர் நறுக்கிக் கொடுத்த துணியை அவள் கிழித்தாள், உதட்டை அசைத்தாள், அவ்வளவுதான். வாழ்த்தை அவள் சொல்லவே இல்லை. அதற்குப் பிறகு காலைதோறும் கிழித்தபோதும் சொல்லவில்லை.

ஹஸான் எழுந்து நின்றுவிட்டார். பிறகு சொன்னார், அப்படியென்றால் அது கிழிசலே இல்லை. வாழ்த்து இல்லாமல் கிழித்தது வெறும் துணி கிழிந்ததுதான், அவர் அதை ஏற்றுக்கொள்ளாமல் திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறார். நப்தலி வாழ்த்தைச் சொன்னான், அதனால் அவன் கிழிசல் நின்றுவிட்டது. நீ சொன்னால் உன்னுடையதும் நிற்கும். அதுவரைக்கும் உன் துக்கம் இன்னும் தொடங்கவே இல்லை என்றுதான் கணக்கு.

சாயங்காலம் நப்தலி வந்ததும் அவள் கேட்டாள், அன்றைக்கு எப்படிச் சொன்னீர்கள் என்று. அவன் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"வாய் பழகிப் போச்சு, சிப்போரா. இடி இடிச்சாச் சொல்லுதோம், பழம் தின்னாச் சொல்லுதோம். அன்னைக்கும் தானா வந்துட்டு. சொன்ன பெறவுதான் என்னத்தச் சொன்னேன்னு தெரிஞ்சுது. அப்ப இருந்து என்னால என் மூஞ்சியப் பாக்க முடியல."

அவள் அவன் சட்டையின் கிழிசலைக் கையால் சேர்த்துப் பிடித்தாள். விட்டதும் அது பிரிந்துகொண்டது.

பதினோரு வீட்டுத் தெருவில் ரகசியம் எத்தனை நேரம் தங்கும்? மறுநாள் உச்சிக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சிப்போராள் வாழ்த்துச் சொல்லிவிட்டால் குப்பாயம் கிழிந்தது கிழிந்தபடி நின்றுவிடும், பிறகு வலை கூடாது, பாய் கூடாது, கூட்டம் வராது. அதைவிட, இந்த மாதம் கிடைத்த காரணங்களெல்லாம் என்ன ஆகும்? பிள்ளை போனதால் அல்ல, தாய் வாழ்த்தாமல் விட்டதால்தான் வலை கூடியது என்றால், கமாலியேலின் கால் எங்கே போய் நிற்கும்?

ஆகவே ஒரு வேடிக்கை நடந்தது. கோட்டைக்கழியில் யாரும் சிரிக்காத வேடிக்கை. நாளுக்கு மூன்று வேளை எழுந்து நின்று ஆண்டவரை வாழ்த்துகிற அந்தத் தெருக்காரர்கள், ஒவ்வொருவராக நப்தலியின் வீட்டுக்கு வந்து, ஆண்டவரை வாழ்த்திவிடாதே என்று ஒரு பெண்ணிடம் கெஞ்சினார்கள். கமாலியேல் ஊன்றுகோலோடு வந்து, மீன்பாடு முடிகிறவரையாவது பொறுத்துக்கொள் என்றார். அவிகாயில் வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், ஏன் அழுதாள் என்று சொல்லவில்லை. எல்லோரும் ஹஸானையும் போய்ப் பார்த்தார்கள். சொல் என்று அவளைக் கட்டாயப்படுத்துவது என் கடமை, சொல்லாதே என்று சொல்வது பாவம், நான் இரண்டையும் செய்யப்போவதில்லை என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

சிப்போராளுக்கு இரண்டு பக்கமும் அடைப்பு. வாழ்த்தைச் சொன்னால் கிழிசல் கிடைக்கும், ஆனால் யெமீமா போனது நியாயம் என்று தன் வாயால் ஒப்புக்கொண்டதாக ஆகும். சொல்லாவிட்டால் அந்த அநியாயத்துக்கு அவள் கையெழுத்துப் போடவில்லை என்று இருக்கும், ஆனால் ஊரெல்லாம் வலையைக் காட்டி இதற்காகத்தான் உன் பிள்ளை போயிற்று என்று சொல்லிக்கொண்டிருக்கும். அவள் ஒரு வாரம் காலைதோறும் வாய் திறக்காமல் கிழித்தாள். ஊர் வந்துகொண்டே இருந்தது.

அந்த வாரத்தின் கடைசியில் கடற்கரைத் தெருவிலிருந்து சவேரியம்மாள் வந்தாள். அவள் கையில் வலை இல்லை. பழஞ்சேலையில் சுற்றி, இரண்டு வயது மகன் ரொசாரியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பிள்ளைக்கு நெஞ்சுச் சளி கட்டி மூச்சு விசில் போல வந்தது. துணியும் வலையும் கூடும்போது இது கூடாதா என்று கேட்கத்தான் வந்திருந்தாள், ஆனால் கேட்கவில்லை, வாசலில் நின்றாள். தெரு முழுக்க வெளியே வந்து நின்று பார்த்தது. இதற்கு முன் எப்படி யாருக்கும் இது தோன்றவில்லை என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சிப்போராள் பிள்ளையைப் பாயில் கிடத்தினாள். அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாகக் குப்பாயம் மூட வேண்டும் என்று கிழித்தாள். நாலு விரல் போதாது என்று தோளிலிருந்து இடுப்புவரை கிழித்துப் பிள்ளைமேல் போர்த்தினாள். இரண்டு பெண்களும் இரண்டு பக்கம் உட்கார்ந்தார்கள். மறுநாள் விடிந்தபோது குப்பாயம் முழுசாக மூடியிருந்தது. பிள்ளையைச் சுற்றியிருந்த பழஞ்சேலையில் ஒரு கிழிசல் மிச்சமில்லை, ஓரம்கூடப் புதுசாகிவிட்டது. பிள்ளை மூச்சு இல்லாமல் கிடந்தது.

சவேரியம்மாள் அலறவில்லை. அந்தப் புதுச்சேலையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். தெருவில் நின்ற ஒருவர், எல்லாம் ஒரு காரணமாகத்தான் என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை சிப்போராள் அதே குப்பாயத்தை உடுத்தி, பள்ளி முற்றத்தில் போய் நின்றாள். ஜெபம் முடிந்து ஆண்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஹஸானிடம் கத்தியைக் கேட்டாள். அவர் கொண்டுவந்தார். சொல்லப்போகிறாயா என்று கேட்டார்.

"சொல்லப்போறேன். நியாயம்னு ஒத்துக்கிட்டுச் சொல்லல, ஹஸான். நூல் நூலா கூட்டத் தெரிஞ்சவருக்கு அந்தப் பிள்ளையோட மூச்சக் கூட்டத் தெரியாதுன்னு நான் நம்பல. அவருக்கு நியாயாதிபதிங்கிற பட்டம் வேணும்னா வச்சிக்கிடட்டும். அதச் சொன்னாத்தான் என் துக்கத்த எங்கிட்டத் தருவார்னா, சொல்லுதேன். எனக்கு என் துக்கம் வேணும்."

அப்படிச் சொல்வது செல்லுமா செல்லாதா என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. ஓவதியா யோசிக்கவும் இல்லை. வலப்பக்கம் ஒரு நறுக்குப் போட்டுக் கொடுத்தார். அவள் இரண்டு கையாலும் பிடித்து நாலு விரல் கிழித்து, அந்த வாழ்த்தை ஒவ்வொரு சொல்லாக, முற்றத்தின் மறுகோடியில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள். ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் தெரு வாயை மூடிக்கொண்டு நின்றது. பிறகு ஹஸான் ஆமென் என்றார். அவருக்குப் பின்னால் நப்தலி சொன்னான். வேறு யாரும் சொல்லவில்லை.

அன்று மாலையும் வழக்கம்போலச் சில வலைகளை வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள், நம்பிக்கை யாரை விட்டது. மறுநாள் அவை கிழிந்தபடியே கிடந்தன. சிப்போராள் விழித்ததும் நெஞ்சில் கை வைத்தாள். ஊக்கு குத்தின இடத்தில் இருந்தது. ஊக்குக்கு அடியில் விரல் நுழைந்தது, தோல் தட்டுப்பட்டது. மகள் செத்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் அப்போது அழத் தொடங்கினாள், நப்தலி பயந்துபோய் எழுந்து உட்கார்ந்தான்.

துக்கம் இப்போதுதான் தொடங்குகிறது என்று ஹஸான் தீர்ப்புச் சொல்லிவிட்டதால் அவள் மறுபடி ஏழு நாள் தரையில் உட்கார வேண்டும். நப்தலிக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஆனாலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான். துக்கத்தின் முதல் சாப்பாட்டை மட்டும் துக்கக்காரர் தன் வீட்டில் சமைத்ததைச் சாப்பிடக்கூடாது, அயலார் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், அதுவும் சட்டம்தான். உயிர் வாழ விருப்பமில்லாமல் உட்கார்ந்திருப்பவரை இன்னொருவர் வந்து, சாப்பிடு, நீ இருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும் என்பதற்காக அப்படி வைத்தார்கள். யார் வைத்தார்களோ, அவர்கள் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களாக இருந்திருப்பார்கள்.

ஒருவரும் கொண்டுவரவில்லை. விடிந்து, வெயில் ஏறி, உச்சி வந்தது. வாசலில் வலைகளை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது, இழுத்தவர்கள் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. கமாலியேலின் ஊன்றுகோல் தெருவில் போகும் சத்தம் கேட்டது, அது வாசலில் ஒரு கணம் நின்று, போய்விட்டது. அவிகாயில் வீட்டில் தாளிக்கும் வாசம் வந்தது. ஹஸான் வீட்டில் அடுப்பு எரிய ஆள் கிடையாது, அவரே வேளாவேளைக்கு ஒரு வீட்டில் சாப்பிடுகிறவர். நப்தலி, நான் போய்க் கேட்டு வாங்கி வரட்டுமா என்றான். கேட்டு வாங்கினால் அது அந்தச் சாப்பாடு இல்லை என்று அவள் சொல்லிவிட்டாள். அவளுக்குப் பசி காதை அடைத்தது. உயிரோடிருப்பதே கேவலமாக இருந்தது.

வெயில் சாயத் தொடங்கியபோது வாசலில் நிழல் தட்டியது. சவேரியம்மாள் வந்து நின்றாள். அவள் மகனைப் புதைத்து ஆறு நாள் ஆகியிருந்தது. யூதத் தெருக்காரர்கள் அடுத்தவர் பாத்திரத்தில் சமைத்ததைத் தொடமாட்டார்கள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், அதனால் இரண்டு முட்டையைப் புதுச் சட்டியில் ஓடோடு அவித்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருந்தாள். துக்கக்காரர் முதலில் பேசுகிறவரை வந்தவர் பேசக்கூடாது என்ற வழக்கம் அவளுக்குத் தெரியாது. சம்மணம் போட்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள். முடிச்சை அவிழ்த்து ஒரு முட்டையைத் தரையில் தட்டி, ஓட்டை உரித்து, சிப்போராளின் கையில் வைத்தாள். அவள் கண் குப்பாயத்தின் கிழிசலில் நின்றது.

"ஒம் மவ எப்படி இருப்பா?" என்று கேட்டாள்.

நாற்பது நாளுக்கு மேலாகியும் யாரும் கேட்காத கேள்வி அது. யெமீமா ஏன் போனாள் என்று ஊர் முழுக்கப் பேசியது, எதற்காகப் போனாள் என்று பள்ளியில் பேசினார்கள், அவள் பெயர் கடலில் போய் மீன் பிடித்து வந்தது, அவள் எப்படி இருப்பாள் என்று ஒரு வாய் கேட்கவில்லை. சிப்போராள் கையிலிருந்த முட்டையைப் பார்த்தாள்.

"மஞ்சக்கருவத் தொடமாட்டா" என்றாள். "வெள்ளைய மட்டும் பிச்சித் தின்னுட்டு, மஞ்சள எந்தட்டுல வச்சிருவா. நாந்தான் திம்பேன்."

சொல்லிவிட்டு முட்டையை இரண்டாகப் பிட்டு, மஞ்சள் கருவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். கண்ணீர் வழிந்து கிழிசலுக்குள் இறங்கியது. சவேரியம்மாள் இரண்டாவது முட்டையை உரிக்கத் தொடங்கினாள்.